உறைக்குள் இருக்கும் விலை

எங்கள் தெருமுனையில் ஆர்.ஓ. சர்வீஸ் கடை வைத்திருப்பவர் ஒருநாள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கூகுளில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். “ஒரு கிளிக்குக்கு நாப்பது ரூபா வரைக்கும் தரேன்னுதான் சார் போட்டேன். இருபத்திரெண்டு அம்பதுதான் எடுத்திருக்காங்க. நேத்து இதே வார்த்தைக்கு முப்பத்தொண்ணு. யாரு சார் உக்காந்து இந்தக் கணக்கப் போடுறது?” குறைவாக எடுத்துக்கொண்டார்களே என்று ஒரு வியாபாரி குழம்பி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

யாரும் உட்கார்ந்து போடுவதில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பான் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு ‘ஆர்.ஓ. சர்வீஸ்’ என்று கூகுளில் தட்டுகிறார். பதில் திரையில் வந்து விழுவதற்குள் ஓர் ஏலம் தொடங்கி, கேட்கவேண்டியவர்கள் எல்லாம் கேட்டு, முடிந்தும்விடுகிறது. அடுத்த தெருவில் இன்னொருவர் அதே சொல்லைத் தட்டினால் புதிதாக இன்னோர் ஏலம். நேற்று முப்பத்தொன்று, இன்று இருபத்திரெண்டரை என்று வருவது அதனால்தான். இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. ஏலத்தில் கடைக்காரர் கட்டும் விலையை அவர் எழுதுவதில்லை. அவருக்கு ஒரு படி கீழே நிற்கும் போட்டிக்காரர் எழுதுகிறார். இந்த யோசனை கணினியைவிட மிகப் பழையது.

1797 ஜனவரி. ஜெர்மன் கவிஞர் கோத்தே ‘ஹெர்மனும் டோரோத்தேயாவும்’ என்ற காவியத்தை முடித்துக்கொண்டிருந்தார். பெர்லினில் ஃபீவெக் என்ற பதிப்பாளருக்கு அதைக் கொடுக்க எண்ணம். தன் எழுத்தைப் பதிப்பாளர்கள் உள்ளுக்குள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது கோத்தேக்கு எப்போதும் தெரிந்ததில்லை. விற்பனைக் கணக்கு பதிப்பாளர் கையில். எழுத்தாளருக்கு அவர் சொன்னதே கணக்கு. எனவே ஒரு தந்திரம் செய்தார். தான் எதிர்பார்க்கும் தொகையை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, ப்யோட்டிகர் என்ற இடையாளரிடம் கொடுத்தார். ஃபீவெக் தன் விலையைச் சொல்லவேண்டும். அது உறைக்குள் இருப்பதைவிடக் குறைவென்றால் பேச்சு முடிந்தது. உறை பிரிக்கப்படாமலே திரும்பிவிடும். அதிகமென்றால், ஃபீவெக் சொன்ன தொகையைக் கோத்தே வாங்கமாட்டார். உறைக்குள் எழுதியிருப்பதை மட்டும் வாங்கிக்கொள்வார். என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதே முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தபால்தலை வியாபாரிகளும் கையாண்டார்கள். ஏலத்துக்கு நேரில் வர முடியாதவர்கள் கடிதத்தில் விலை எழுதி அனுப்புவார்கள். அதிகம் கேட்டவருக்குத் தபால்தலை. ஆனால் அவர் கட்டவேண்டியது இரண்டாவதாகக் கேட்டவரின் விலையை ஒட்டித்தான். அதன் பின்னே ஒரு கோட்பாடு ஒளிந்திருப்பதை அந்த வியாபாரிகள் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் வில்லியம் விக்ரி. 1961-இல் ஒரு கட்டுரையில் அதைக் கணிதமாக எழுதிக் காட்டினார். அதற்கும் பிற ஆய்வுகளுக்குமாக 1996 அக்டோபரில் நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் காலமானார். தன் சூத்திரத்தின் உறவுக்காரக் கணக்கு ஒன்று உலகத்தின் ஒவ்வொரு தேடலுக்குள்ளும் ஓடப்போவதை அவர் பார்க்கவில்லை.

விக்ரியின் கணக்கு எளிது. ஒரு கிளிக் நம் ஆர்.ஓ. கடைக்காரருக்கு 40 ரூபாய் பெறும் என்று வையுங்கள். வழக்கமான டெண்டரில் 40 என்றே எழுதி ஜெயித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எனவே 32 எழுதலாமா, 35 எழுதலாமா, அடுத்தவன் என்ன எழுதியிருப்பான் என்று ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டும். இரண்டாம் விலை ஏலத்தில் அந்தத் தலைவலி இல்லை. ஆசைப்பட்டு 50 சொன்னால், அடுத்தவர் 45 சொல்லியிருக்கும் நாளில் 45 கட்டி ஐந்து ரூபாய் நஷ்டப்படுவார். பயந்து 30 சொன்னால், அடுத்தவர் 35 சொல்லியிருக்கும் நாளில் ஐந்து ரூபாய் லாபம் கைநழுவும். 40-ஐ 40 என்றே சொல்வதுதான் புத்திசாலித்தனம். பொய் சொன்னால் நஷ்டம் என்று ஒரு சந்தையை அமைக்க முடியும் என்பதைத்தான் விக்ரி காட்டினார்.

இணையம் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 1994-இல் முதல் பட்டை விளம்பரம் வந்தபோது கணக்கு செய்தித்தாள் பாணியில் இருந்தது. எத்தனை பேர் கண்ணில் பட்டதோ அதற்குப் பணம்; பார்த்தவன் திரும்பிப் பார்த்தானா என்பது விளம்பரம் கொடுத்தவன் தலைவிதி. 1998-இல் கலிஃபோர்னியாவின் பில் கிராஸ் கோட்டு.காம் என்ற தேடுதளத்தைத் திறந்தார். இடத்தை ஏலம் விடுவேன், ஆனால் யாராவது கிளிக் செய்தால்தான் காசு என்றார். தேடலின் பதிலையே விலைக்கு விற்பதா என்று பலர் முகம் சுளித்தார்கள். கிராஸ் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு பதிலின் பக்கத்திலும் அதற்கு எத்தனை சென்ட் தரப்பட்டது என்று அச்சிட்டே காட்டினார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. பின்னால் வந்தவர்கள் ‘விளம்பரம்’ என்ற சொல்லையே எவ்வளவு சிறிதாக்கலாம் என்று பார்த்தார்கள்.

கோட்டு பிறகு ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2003-இல் யாஹூ அதை வாங்கியது. அதன் ஏலத்தில் ஓர் ஓட்டை இருந்தது. சொன்ன விலையை அப்படியே கட்டவேண்டும். இரண்டு கடைகள் மோதுவதாக நினையுங்கள். ஒன்றுக்குக் கிளிக் 40 ரூபாய் பெறும், மற்றதற்கு 30. மூன்றாவது கடை பத்து ரூபாயில் அசையாமல் நிற்கிறது. முதல் இரண்டும் ஒன்றையொன்று ஒவ்வொரு காசாக முந்திக்கொண்டு ஏறும். விலை 30-ஐத் தொட்டதும் இரண்டாமவர், ‘எப்படியும் இரண்டாம் இடம்தான், அதற்கு எதற்கு முப்பது?’ என்று ஒரே குதியில் பத்து ரூபாய் ஒரு காசுக்கு இறங்கிவிடுவார். இதைப் பார்த்த முதலாமவர், ‘எனக்கு மட்டும் எதற்கு?’ என்று பத்து ரூபாய் இரண்டு காசுக்கு வருவார். மறுபடி ஏற்றம். இதை இரவு பகலாகச் செய்யவே மென்பொருள்கள் வந்துவிட்டன. அந்த ஆண்டுகளின் ஓவர்ச்சர் ஏல விவரங்களைப் பிற்பாடு ஆராய்ந்த பொருளியலாளர்கள் விலையை வரைபடமாக வரைந்தபோது கிடைத்த வடிவம், அசல் ரம்பப் பல்.

கூகுள் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களுடன் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கியபோது பழைய பாணியில் ஆயிரம் பார்வைக்கு இத்தனை டாலர் என்றுதான் விற்றது. 2002 பிப்ரவரியில் கிளிக் ஏலத்துக்கு மாறியது. அதன் கணக்கை வடிவமைத்ததில் முக்கியமானவர் எரிக் வீச் என்ற பொறியாளர். கணினித் திரைப்படங்களில் ஒளி விழும் விதத்தைக் கணக்கிடும் அவருடைய வேறொரு ஆய்வுக்கு, 2014-இல் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. விளம்பரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கூகுள் செய்தது இரண்டு. சொன்ன விலையைக் கேட்காமல், கீழே இருப்பவரை முந்தத் தேவையானதை மட்டும் வாங்குவது ஒன்று. ரம்பம் அதோடு நின்றது. அடுத்ததுதான் சின்னக் கடைகளின் பிழைப்பையே மாற்றியது. சொன்ன விலையை விளம்பரத்தின் தரத்தால் பெருக்கி, வருகிற எண்ணை வைத்து வரிசைப்படுத்தினார்கள்.

தரம் என்றால் மொழிநயம் அல்ல. தேடியவர் இதைக் கிளிக் செய்ய வாய்ப்பு எவ்வளவு, தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் எவ்வளவு, கிளிக் செய்து போனால் அங்கே உருப்படியாக ஏதாவது இருக்கிறதா என்பவைதான். இதைக் கூகுளின் தர்ம சிந்தனை என்று எண்ணவேண்டாம். 60 ரூபாய் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நூற்றில் ஒருவர்தான் தொடுகிறார் என்றால், ஒருமுறை காட்டினால் கூகுளுக்குச் சராசரி 60 காசு. 40 ரூபாய் சொல்பவரை நூற்றில் ஐந்து பேர் தொட்டால் இரண்டு ரூபாய். கல்லாப்பெட்டியின் கணக்குதான். அது தேடியவருக்கும் நல்லதாக அமைந்துபோனது.

ஆர்.ஓ. கடைக்காரரின் 22 ரூபாய் 50 காசுக்கு வருவோம். எண்களை விளக்கத்துக்காக எளிமையாக்குகிறேன். பெரிய கம்பெனி ஒன்று கிளிக்குக்கு 60 ரூபாய் சொல்கிறது. ஆனால் ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே விளம்பரம், தரம் 3. பெருக்கினால் 180. நம்மவர் 40 சொல்கிறார். விளம்பரத்தில் பேட்டைப் பெயர், பில்டர் மாற்றும் கூலி, ஞாயிறும் வருவோம் என்ற வரி எல்லாம் இருப்பதால் தரம் 8. பெருக்கினால் 320. முதலிடம் அவருக்கு. 180-ஐத் தாண்ட அவர் எவ்வளவு கொடுத்தாலே போதும்? 180-ஐ எட்டால் வகுத்தால் 22 ரூபாய் 50 காசு. யாரும் உட்கார்ந்து போடவில்லை. பெரிய கம்பெனியின் விலையும் அதன் அலட்சியமும் சேர்ந்து எழுதிய எண் இது. அந்தக் கம்பெனிக்கு என்ன விலை? அதற்குக் கீழே 30 ரூபாய், தரம் 4 என்று ஒருவர் இருந்தால், அவருடைய 120-ஐ மூன்றால் வகுக்கவேண்டும்: 40 ரூபாய். இரண்டாம் இடத்தில் இருப்பவர் முதலிடக்காரரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்டுகிறார்! காய்கறி மண்டியிலோ மீன் ஏலத்திலோ இப்படி ஒன்றைச் சொன்னால் சிரிப்பார்கள்.

உண்மை ஏலத்தில் இன்னும் பல காரணிகள் கலக்கும்: தேடிய இடம், நேரம், கருவி, குறைந்தபட்ச வாசல் விலை. கணக்குப் பக்கத்தில் ஒன்று முதல் பத்து வரை காட்டப்படும் தர மதிப்பெண்கூட நாம் பார்த்துக்கொள்வதற்குத்தான்; ஒவ்வொரு தேடலிலும் கணினி தனியே புதிதாக மதிப்பிடுகிறது.

விக்ரியின் ஏலத்தில் உண்மை பேசினால் போதும் என்றேன். கூகுளின் ஏலம் அதற்கு உறவே தவிர அதுவே அல்ல. 2007-இல் எடல்மன், ஆஸ்ட்ரோவ்ஸ்கி, ஷ்வார்ட்ஸ் ஆகிய மூவரும், கூகுளின் தலைமைப் பொருளியலாளர் ஹால் வேரியன் தனியாகவும் இதை விளக்கினார்கள். காரணம், இங்கே விற்பது ஒரு பொருள் அல்ல, பல படிகள். எல்லாருக்கும் தரம் சமம், முதல் படியில் 100 கிளிக், இரண்டாம் படியில் 80 என்று கொள்வோம். உங்களுக்கு ஒரு கிளிக் 50 ரூபாய் பெறும். போட்டியாளர்கள் 45-ம் 10-ம் சொல்லியிருக்கிறார்கள். மனத்தில் உள்ள 50-ஐச் சொன்னால் முதலிடம்; கிளிக்குக்கு 45 போய் ஐந்து மிஞ்சும், மொத்தம் 500 ரூபாய். 44 சொல்லிவிட்டு இரண்டாம் படியில் நின்றால் கிளிக்குக்குப் பத்துதான் போகும். 40 மிஞ்சும், எண்பது கிளிக்குக்கு 3,200 ரூபாய். முதலிடம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் முதலாளிகளுக்கு இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிக் காட்டலாம்.

இதைத்தான் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அது சரி சார், நேத்து எட்டு கிளிக்கு வந்துச்சு, ஒரு போன்கூட வரல” என்றார். கோட்பாட்டை அங்கேயே மூடிவைத்துவிட்டு, என்னென்ன தேடலுக்கு விளம்பரம் போயிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தோம். ஆர்.ஓ. என்பது தண்ணீர் சுத்தப்படுத்துவது மட்டுமா? வடக்கே ஆர்.ஓ. என்று ஓர் அரசுப் பணித் தேர்வு உண்டு. தேர்தல் நேரத்தில் ஆர்.ஓ. தேர்தல் அதிகாரி. அர்த்தத்தை அகலமாக எடுத்துக்கொள்ளும் பொருத்தத்தில் விட்டிருந்ததால், ஆர்.ஓ. டெக்னீஷியன் வேலை தேடியவர், சம்பளம் எவ்வளவு என்று பார்த்தவர், வீட்டிலேயே பில்டரைக் கழற்றுவது எப்படி என்று வீடியோ தேடியவர் எல்லாரும் வந்து போயிருந்தார்கள். ‘வேலை’, ‘சம்பளம்’, ‘தேர்வு’, ‘எப்படி’ என்று வேண்டாத சொற்களின் பட்டியல் ஒன்றை எழுதிச் சேர்த்தோம். நம் மக்கள் ஒரே வரியில் தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ் என மூன்றையும் கலந்து தட்டுவதால் ஒவ்வொன்றையும் மூன்று விதமாக எழுதவேண்டியிருந்தது. கூகுளின் விளம்பர அமைப்புகளில் தமிழ் இடம்பெற்றதே 2018-இல்தான்.

இன்னும் இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும் என்று நினைப்போம். தானாக அமைந்திருக்கும் தேர்வில், அந்த ஊரில் ‘ஆர்வம்’ உள்ள வெளியூர்க்காரர்களும் சேர்த்தி. அதைக் கையால்தான் மாற்றவேண்டும். நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று எல்லை போட்டால் சில நாள் 600 வரைகூடச் செலவாகும். மாதக் கணக்கில் 300-ஐ 30.4-ஆல் பெருக்கி வருவதைத் தாண்டாது என்பதே வாக்குறுதி. 365-ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், அந்த 30.4 எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

கிளிக்குக்குக் காசு என்றால் எதிர்க்கடைக்காரர் வந்து கிளிக் செய்தால்? இந்தப் பயம் புதிதல்ல. அமெரிக்காவில் டெக்சர்கானா ஊரின் லேன்ஸ் கிஃப்ட்ஸ் என்ற பரிசுப்பொருள் கடை 2005-இல் கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுத்தது: போலிக் கிளிக்குகளுக்கெல்லாம் எங்களிடம் காசு பிடித்தீர்கள் என்று. 2006-இல் கூகுள் 9 கோடி டாலர் வரை ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது. வழக்கையொட்டி கூகுளின் வடிகட்டிகளை ஆராய்ந்த நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் துஷிலின், அதன் முயற்சிகள் நியாயமானவைதான் என்றார். ஆனால் அடிப்படைச் சிக்கலையும் தொட்டார். விரல் பட்டது கணினிக்குத் தெரியும். எந்த எண்ணத்தில் பட்டது என்பது தெரியாது.

கிளிக் உண்மையாகவே இருந்தாலும் அது நமக்கு வேண்டியிருந்ததா? இணையச் சந்தையான ஈபே 2012-இல் தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தைச் சில தேடுதளங்களில் நிறுத்திப் பார்த்தது. போய்விட்ட கிளிக்குகளில் நூற்றுக்கு 99-க்கும் மேல் விளம்பரமில்லாத சாதாரணப் பதில்வழியாகத் திரும்பி வந்துவிட்டன. வீட்டுக்கு வரப்போகிற விருந்தாளிக்குத் தெருமுனையில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தமாதிரி ஆயிற்று. ஆனால் அதே ஆய்வில், ஈபேயைப் பற்றி அதிகம் அறியாத புதியவர்களிடம் விளம்பரம் வேலை செய்ததும் தெரிந்தது. ஊரறிந்த பெயருக்கு வீண். யாரும் அறியாத கடைக்குப் பயன். இந்த ஒரு விஷயத்தில் தெருமுனைக் கடை ஈபேயைவிட வசதியான இடத்தில் நிற்கிறது.

உங்கள் பெயரை நீங்கள் வாங்காவிட்டால் போட்டியாளர் வாங்கிவிடுவாரே என்ற கேள்வி இந்திய நீதிமன்றங்களில் முதலில் பெரிதாக எழுந்த இடங்களில் ஒன்று சென்னை. பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் நிறுவனம், தன் பெயர்ச் சொற்களைப் போட்டித் திருமணத் தளங்கள் விளம்பரச் சொற்களாக வாங்குவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2010-இல் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. பாரத், தமிழ், மேட்ரிமோனி எல்லாம் பொதுச்சொற்கள் என்பது சிக்கலாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் அகர்வால் பேக்கர்ஸ் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், அடுத்தவர் பெயரை விளம்பரச் சொல்லாக எடுப்பது மட்டுமே குற்றமாகாது, தேடுபவர் ஏமாறும்படி இருந்தால்தான் மீறல் என்றது. கூகுள் இதில் வெறும் பார்வையாளர் அல்ல, பங்கெடுப்பவர் என்றும் சொன்னது.

பங்கெடுப்பவர் என்ற சொல் கூகுளுக்கு அதிகமாகவே பொருந்துவதாக எனக்குப் படுகிறது. இப்போது பல கடைக்காரர்கள் விலையைக்கூடத் தாங்கள் சொல்வதில்லை. கூகுளின் தானியங்கிக் கருவியே ஒவ்வொரு தேடலுக்கும் அவர்களுக்காகக் கேட்கிறது. ஏலம் விடுபவரே உங்கள் சார்பில் ஏலம் கேட்கவும் செய்கிறார். கீழ்ப்படியில் இருப்பவரின் தரத்தை மதிப்பிடுபவரும் அவரே. அந்த மதிப்பைக் கொஞ்சம் உயர்த்தினால் என்ன ஆகும்? மேலே சொன்ன கணக்கில் பெரிய கம்பெனியின் தரத்தை 3-இலிருந்து 4 ஆக்கிப் பாருங்கள். 180 என்பது 240 ஆகும். நம் கடைக்காரரின் விலை 22 ரூபாய் 50 காசிலிருந்து 30 ரூபாய்க்கு ஏறும். வரிசையில் ஒருவரும் இடம் மாறவில்லை.

இது கற்பனை மட்டுமல்ல. அமெரிக்க அரசு கூகுள்மேல் தொடுத்த ஏகபோக வழக்கில், 2023 செப்டம்பரில் அதன் விளம்பரப் பிரிவு உயரதிகாரி ஜெர்ரி டிஷ்லர், ஏலத்தில் செய்யும் மாற்றங்களால் விலை சாதாரணமாக 5 சதவீதம், சிலருக்குப் 10 சதவீதம்கூட உயர்ந்திருக்கலாம் என்று சாட்சி சொன்னார். முதலாமவரோடுள்ள இடைவெளியைச் சுருக்கி விலையைத் தூக்கும் திருகுகளுக்குக் கூகுளுக்குள் தனிப் பெயர்களே இருந்தன. 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடல் உரை விளம்பரச் சந்தையில் ஏகபோகம் நடத்துகிறது, போட்டியாளரைப் பற்றிக் கவலைப்படாமல் விலையை உயர்த்த முடிந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடு செய்வோம் என்றது கூகுள்.

கோத்தே கதையின் மிச்சத்துக்கு வருகிறேன். ஃபீவெக் தன் விலையை எழுதி அனுப்பினார்: 1,000 தாலர். உறையைப் பிரித்தார்கள். உள்ளே கோத்தே எழுதியிருந்ததும் 1,000 தாலர்தான், ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. உறையைக் கையில் வைத்திருந்த ப்யோட்டிகர், எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்று பதிப்பாளருக்கு முன்னமே ஒரு கடிதம் எழுதிவிட்டிருந்தார்.